சின்ன ஆபரேஷன்தானே, தனியாகப் போய் வரலாமா?

கேள்வி (ஜூன் 3, மாலை)

"முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மரப்பு ஊசி மட்டும்தான், அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாமாம். இதற்குப் போய் யாரையும் லீவு போடச் சொல்ல மனமில்லை. தனியாகவே போய் வந்துவிடலாம் என்று இருக்கிறேன். செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 3, இரவு

போய் வரலாம். மரப்பு ஊசி மட்டும் என்றால் நினைவு தப்பாது. நடந்து போய் நடந்தே வரலாம். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் இரண்டு முறை ஆகியிருக்கிறது, முதல் முறை தனியாகத்தான் போனேன். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தலைவழியாகக் கழற்றும் சட்டை வேண்டாம். தையல் போட்ட பிறகு கையைத் தூக்கும்போதுதான் ஏன் என்று தெரியும். மோதிரம், சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு கையில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். படுத்த பிறகுதான் உறைத்தது, முதல் முறை தனியாகப் போய் வந்தேன் என்று சொன்னேனே, அது எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை. இரண்டு முறை ஆனதற்குக் காரணமே முதல் முறை தனியாகப் போனதுதான்.

கழுத்தில் ரொம்ப நாளாக ஒரு சின்ன உருண்டை இருந்தது. ஒரு வாரத்தில் சிவந்து, வீங்கி, தலையணையில் கழுத்தை வைக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. போனேன். அன்றைக்கே மைனர் ஓ.டி.யில், அதாவது சின்ன அறுவைகளுக்கான அறையில், படுக்கவைத்துக் கீறி, சீழை எடுத்து, உள்ளே காஸ் துணித் திரி வைத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எழுந்து உட்கார்ந்ததும் வலி பாதிக்குப் பாதி போய்விட்டது. அந்த நிம்மதியில் காதில் எதுவும் ஏறவில்லை. மருத்துவர் ஒரு நிமிடம் பேசினார். தலையாட்டினேன். இப்போது யோசித்தால் அதில் இரண்டு சொற்கள்தான் நினைவில் இருக்கின்றன: "ஆன்டிபயாடிக்", "முடிஞ்சுது".

முடியவில்லை. ஒன்றரை வருடத்தில் அதே இடத்தில் அதே உருண்டை. பழைய சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால், மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி: "வீக்கம் வடிந்து ஆறு வாரம் கழித்து வரவும், பையை எடுக்க வேண்டும்." அந்தச் சீட்டை மருந்துக்கடையில் நீட்டினேன், மாத்திரை வாங்கினேன், மடித்து வைத்துவிட்டேன். கடைசி வரி வரை படிக்கவே இல்லை.

விஷயம் இதுதான். இந்த மாதிரிக் கட்டிக்கு ஒரு பை உண்டு. உள்ளே இருப்பது கெரட்டின், நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். 'சிபேசியஸ் சிஸ்ட்', அதாவது எண்ணெய்க் கட்டி, என்று பழக்கத்தில் சொன்னாலும் உள்ளே இருப்பது தோலின் எண்ணெய் அல்ல. பையின் சுவர் கெரட்டினை உதிர்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பதை மட்டும் வெளியேற்றினால் பை மறுபடி நிறையும். சீழ் பிடித்திருக்கும்போது பை சிதைந்து, சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கிடக்கும், முழுதாக எடுப்பது கடினம். அதனால் பெரும்பாலும் முதலில் சீழை மட்டும் எடுத்துவிட்டு, ஆறிய பிறகு கூப்பிட்டுப் பையை எடுப்பார்கள். எனக்கு நடந்தது பாதி சிகிச்சை. மீதிப் பாதிக்கு நான் போகவே இல்லை.

மருத்துவர் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னார், எழுதியும் கொடுத்தார். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாக அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் இன்னும் தோன்றுகிறது.

ஆகவே யாரையாவது கூட்டிப் போங்கள். பிடித்து நடக்கவைக்க அல்ல, கேட்டுக்கொள்ள.

ஜூன் 4, மதியம்

வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் மருத்துவமனையிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதுதான் சட்டம். பொதுவாக மயக்க மருந்தோ தூக்க ஊசியோ இருந்தால் கணக்கு இப்படி: லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேர இடைவெளி, எண்ணெய் மிகுந்ததென்றால் 8, தண்ணீர் மாதிரித் தெளிந்த திரவம் என்றால் 2. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். மெண்டல்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு மயக்கம் கொடுத்த பெண்களிடம் இதைக் கவனித்து 1946-இல் எழுதினார். அன்றிலிருந்து அவர் பெயரிலேயே அந்தக் கோளாறு அழைக்கப்படுகிறது.

மரப்பு ஊசி மட்டும் என்றால் பல இடங்களில் லேசாகச் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்வார்கள். பசியும் பயமும் சேர்ந்தால் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் முந்தின நாளே போன் செய்து கேளுங்கள், தானாக முடிவெடுக்க வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் இதேதான். "ஆபரேஷன் என்றால் ஆஸ்பிரினை நிறுத்தணும்" என்று யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது கட்டியை விடப் பெரிய ஆபத்து. எழுதிக் கொடுத்தவரையும் அறுக்கப் போகிறவரையும் கேட்ட பிறகுதான் எதுவும்.

ஜூன் 5

ஊசி வலிக்குமா என்ற கேள்விக்கு நேராகப் பதில்: வலிக்கும். ஊசி குத்துவது எறும்புக்கடி போல. மருந்து உள்ளே போகும்போதுதான் எரியும், பத்துப் பதினைந்து விநாடி. மருந்து கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது என்பதால் அந்த எரிச்சல். மெதுவாகச் செலுத்தினால் குறையும். "மெதுவா போடுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இரண்டாவது முறை கேட்டேன், மருத்துவரும் சரி என்று மெதுவாகவே போட்டார்.

அந்த மருந்து லிடோகெயின். சைலோகெயின் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது. அவருடைய இளம் சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்தார். 1948-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்தவற்றுள் முதலாவது கொக்கெயின். 1884-இல் கார்ல் கோலர் கண் அறுவைக்கு அதைச் சொட்டாகப் பயன்படுத்தினார். படுத்திருக்கும்போது இதையெல்லாம் நினைத்துக்கொண்டால் எனக்கு ஒரு தைரியம். எண்பது வருடமாக எத்தனையோ பேர் உடம்பில் போன மருந்து இது.

முதல் முறை எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று பிறகுதான் புரிந்தது. சீழ் பிடித்த இடம் அமிலமாக இருக்கும். அங்கே இந்த மருந்து நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போகத் திணறும், மரப்பு அரைகுறையாகத்தான் பிடிக்கும். உங்கள் கட்டி வலியில்லாமல், சிவக்காமல் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நன்றாகவே மரத்துப்போகும். சும்மா இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகவும்தான்.

ஜூன் 5, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன், இது முக்கியம். மரத்துப்போன பிறகும் தொடுவது தெரியும். இழுப்பது, அழுத்துவது, தையல் நூல் ஓடுவது எல்லாம் தெரியும். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடங்கிவிடும், தொடுதலையும் அழுத்தத்தையும் கடத்தும் தடித்த இழைகள் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. தெரியாதவர்கள் "ஐயோ, மரக்கவே இல்லை" என்று பதறிவிடுகிறார்கள். தெரிவது இழுப்பா, கூர்மையான வலியா என்று ஒரு நொடி கவனியுங்கள். கூர்மையாக இருந்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

மருந்தோடு அட்ரினலினும் கலந்திருந்தால் ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். ரத்தக்குழாயைச் சுருக்கி ரத்தக் கசிவைக் குறைக்கவும், மரப்பு நீடிக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்தேன். முன்பே யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் முன்பே சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் படபடப்பு வந்ததை சிஸ்டரிடம் தெரிவித்துவிடுங்கள்.

ஜூன் 6

"அரை மணி நேர வேலைக்கு இத்தனை பக்கமா, பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். பயமுறுத்த எழுதவில்லை. 'சின்ன' என்பது அறுக்கிறவரின் அளவுகோல். எத்தனை ஆழம், எத்தனை நேரம், எவ்வளவு ரத்தம் என்று பார்த்து அவர் வைக்கிற பெயர் அது. படுத்திருக்கிறவருக்கு உடம்பில் கத்தி படுகிற நாள் எதுவும் சின்ன நாள் இல்லை. அந்த நாளில் ஒருவர் பதறினால் அது பலவீனம் இல்லை. பதற்றத்தில் காது அடைக்கும் என்பதை ஒத்துக்கொண்டு ஏற்பாடு செய்துகொண்டால் போதும்.

மருத்துவமனைகளே நினைவை நம்புவதில்லை என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. 19 விஷயங்கள், மூன்று நிறுத்தங்கள்: மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன். பெயர் என்ன, எந்தப் பக்கம், என்ன செய்யப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், அதில் ஒன்று புது தில்லி. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், மரணங்கள் 1.5-லிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. அங்கே நடந்தவை உங்களுடையது போன்ற சின்ன அறுவைகள் அல்ல, அதனால் இந்த எண்களை உங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டாம். கைதேர்ந்தவர்களே ஒரு தாளைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே யாராவது மூன்றாவது முறை "பேர் என்ன, எங்கே கட்டி" என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். பேனாவால் முதுகில் குறி போட்டால் நல்லது, நீங்களும் விரலை வைத்து இதுதான் என்று காட்டுங்கள். மரப்பு ஊசி போட்டால் அந்த இடமே உப்பிவிடும், சின்னக் கட்டி கைக்கு அகப்படாமல் போகலாம். அதனால் குறி முதலில், ஊசி பிறகு.

ஜூன் 7

ஜூன் 3-ஆம் தேதி எழுதியதில் இன்னொரு திருத்தம். "நடந்தே வரலாம்" என்றேன். பதற்றத்தைக் குறைக்க ஏதாவது தூக்க ஊசி சேர்த்துப் போடுவதாக இருந்தால் அது பொருந்தாது. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, கூட ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். துணை இல்லாமல் வந்தால் பல இடங்களில் தேதியையே மாற்றிவிடுவார்கள். மரப்பு மட்டும் என்றாலும் தோள்பட்டைக்குக் கீழே தையல் என்றால் வண்டியின் கைப்பிடியைத் திருப்பும்போது இழுக்கும். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நகப்பூச்சு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். விரலில் மாட்டும் கிளிப் ஒளியை ஊடுருவவிட்டு ஆக்சிஜனை அளக்கிறது, அடர்ந்த நிறப் பூச்சு அதற்குக் குறுக்கே நிற்கலாம். அழித்துவிட்டுப் போனால் போயிற்று.

வீட்டில் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுவிடும், அதில் கிருமி சேரும். முடி எடுக்க வேண்டியிருந்தால் அவர்களே மெஷினால் எடுப்பார்கள்.

ஜூன் 8

இன்றைக்கு விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். அன்றே வீட்டுக்கு அனுப்புவது செலவைக் குறைக்க இப்போது வந்த பழக்கம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற மருத்துவர் 1909-இல் தன் கணக்கை வெளியிட்டார். குழந்தைகள் மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் 8,988 அறுவைகள். உதட்டுப் பிளவு, குடலிறக்கம், கால் கோணல் எல்லாம் அதில் உண்டு. செய்து முடித்து அன்றைக்கே தாயோடு வீட்டுக்கு அனுப்பினார். குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வார்டில் கிடத்துவதுதான் கெடுதல், தாயின் கையில் குழந்தை அமைதியாகத் தேறும் என்பது அவர் வாதம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நோயாளியை அன்றே அனுப்பலாம் என்று துணிந்தபோதே, வீட்டில் ஒருவர் கவனிப்பார் என்பதை வைத்துத்தான் துணிந்திருக்கிறார். இன்று அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவதில் அந்த ஆளை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுகிறோம். வார்டில் இருந்தால் சிஸ்டர் செய்யும் வேலையெல்லாம் அன்று மாலையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஜூன் 9

இரண்டாவது முறை எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவைக் கூட்டிப் போனேன். "நீ படுத்துக்கோ, கேட்கிற வேலை என்னுடையது" என்று சொல்லி நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள்.

நான் குப்புறப் படுத்திருந்தேன். முகத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டால் தரை மட்டும்தான் தெரியும். சிஸ்டரின் நீலச் செருப்பு, அதன் பக்கத்தில் சொட்டிய ஒரு துளி பழுப்பு நிற அயோடின். அந்தத் துளியின் ஓரம் காய்ந்து மெதுவாகக் கருமை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் கழுத்தில் யாரோ துணி தைப்பது போல இழுப்பு. நடுவில் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் கருவியின் சத்தம், முடி கருகும் வாசனை. அந்த வாசனை என்னுடைய சதையினுடையது என்று தெரிந்தும் பயம் வரவில்லை, ஏனென்று தெரியவில்லை. சிஸ்டர் முன்பே "இப்போ கருகின வாசனை வரும், பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

முடிந்ததும் மருத்துவர் கிண்ணத்தில் காட்டினார். சாம்பல் கலந்த வெள்ளையில், ஈரமாக, முழு உருண்டை. பையின் சுவர் காகிதத்தைவிட மெல்லியது. மேலே கண் வடிவத்தில் வெட்டிய ஒரு துண்டுத் தோல், அதன் நடுவில் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளி. கட்டியின் வாய் அதுதானாம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வெளியே வந்திருக்க வேண்டியது அன்றைக்கு வந்தது.

பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் நோட்டில் எழுதியது அப்படியே: "6 தையல். 2 நாள் நனைக்கக் கூடாது. கட்டு நனைந்தால் மாற்றணும். வலி மாத்திரை மரப்பு போவதற்கு முன்பே. 8-ஆம் நாள் தையல் பிரிக்கணும். பயாப்சி ரிப்போர்ட் 7 நாள், நாமே வந்து வாங்கணும்." எழுதி முடித்து மருத்துவரிடம் அதைத் திரும்ப வாசித்துக் காட்டினாள். "2 நாள் நனைக்கக் கூடாது, சரிதானே?" என்று. அவர் ஒரு இடத்தில் திருத்தினார். இதை நீங்களும் செய்யுங்கள், நமக்குப் புரிந்தது அவர் சொன்னதுதானா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபார்மலின் பாட்டிலில் கட்டியைப் போட்டு லேபிள் ஒட்டிக் கொடுத்தார்கள், ஆய்வுக்கூடத்தில் சேர்க்க. அக்கா லேபிளைப் படித்தாள். பெயர் சரி, வயது வேறு யாருடையதோ. அங்கேயே மாற்றி வாங்கினாள். அறையிலிருந்து வெளியே வந்தபோது பாட்டிலை நான்தான் கையில் வைத்திருந்தேன், எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஜூன் 10

நாளைக்கு உங்களுக்கு. சுருக்கமாக: காலையில் குளித்துவிடுங்கள், முதுகில் பவுடரோ கிரீமோ வேண்டாம். ஒவ்வாமை ஏதும் இருந்தால், பேஸ்மேக்கர் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். மச்சானை அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, நோட்டை அவரிடம் கொடுங்கள்.

ஜூன் 11, இரவு

முடிந்தது, வலி தாங்கும்படி இருக்கிறது, கட்டுத் துணியில் ஒரு ரூபாய்க் காசு அளவு ரத்தக்கறை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு கறை சகஜம். அது பரவிக்கொண்டே போகிறதா என்று பார்க்க, கறையின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள் மச்சானை. பரவினால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல், சீழ், சுற்றிலும் சிவப்பு ஏறிக்கொண்டே போவது, மூன்றாம் நாளுக்கு மேல் குறைய வேண்டிய வலி கூடுவது, இவற்றில் எது வந்தாலும் தையல் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஜூன் 16

வலி போய்விட்டது, பாரம் தூக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ஒரு வாரத்துக் காயத்துக்குப் பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு வந்திருந்தால் அதிகம், பிடித்து வைத்திருப்பது நூல்தான். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை வரும், அதற்கு மேல் போவதில்லை. முகத்தில் ஐந்தாறு நாளில் தையல் பிரிப்பவர்கள் முதுகில் பத்துப் பதினாலு நாள் விடுவது, அங்கே தோல் தடிமன், ஒவ்வொரு அசைவுக்கும் இழுபடும் என்பதால்தான்.

ஜூன் 21

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட் இன்றைக்கு என்று மச்சானின் நோட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். வாங்கினீர்களா?

ஜூன் 22

போன் செய்ததற்கு "தயாராகத்தான் இருக்கிறது, நீங்கள் வரவில்லையே" என்றார்களாம். "நாமே வந்து வாங்கணும்" என்று அக்காவின் நோட்டில் இருந்ததே, அதுதான் இது. யாரும் கூப்பிட மாட்டார்கள். நல்ல ரிப்போர்ட் என்றால் பரவாயில்லை. அபூர்வமாக ஒருவருக்கு வேறு மாதிரி வந்து, அது அலமாரியிலேயே கிடந்தால்? திங்கட்கிழமை தையலுக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றால் சரி.

இன்னொன்று. எத்தனை தையல் என்று நோட்டில் இருக்கிறதா பாருங்கள். என் கழுத்தில் ஐந்தை எடுத்துவிட்டு சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். அக்கா "ஆறு" என்றாள். வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தால், காய்ந்த பொருக்குக்கு அடியில் ஆறாவது.

ஜூன் 24, மாலை

ஐந்தும் எடுத்தாகிவிட்டது, மச்சான் வாய்விட்டு எண்ணினார் என்று படித்தேன். ரிப்போர்ட்டில் சாதாரண சிஸ்ட் என்றும், பை முழுதாக வந்திருக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினாராம். ரொம்ப சந்தோஷம். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து மச்சானுக்கும் அனுப்பி வையுங்கள். மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் மாத்திரைச் சீட்டோடு சேர்த்து மடிக்காதீர்கள்.